அளவு சரிபார்க்கப்பட்டது

முதலில் சாவிக்கொத்தை ஒப்படைத்தேன்.
பிறகு மல்டிமீட்டர், அதன் சிவப்பு வயரில்
நான் சுற்றிய டேப்போடு.
பிறகு அடையாள அட்டை.
படத்தில் இருப்பவள் ஆறு வருஷம் இளையவள்,
எதையோ நம்பிச் சிரிக்கிறாள்.

மார்த்தாண்டம் மேம்பாலம் தாண்டி
மழைக்கு லிப்ட் குழியில் தண்ணீர் ஏறும் ஆஸ்பத்திரி.
அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை எனக்கு.
பக்கத்து அறை பிணவறை.
அதற்கு ஏசி உண்டு.

பதினொரு டயாலிசிஸ் மெஷின், நாற்பது பம்பு,
ஒரே ஒரு நான்.
ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும்:
"ஜெஸ்லின், நாலாம் நம்பர் கெடந்து கத்துது."
ரப்பர் தோட்டத்து இருட்டுக்குள் ஸ்கூட்டியில் போய் நிற்பேன்.
அது கத்தவில்லை. குழாய் மடங்கியதைச் சொன்னது.
கத்தியவர் மேனேஜர் ஆல்பன்,
காலையில், நான் பத்து நிமிஷம் பிந்தியதற்கு.

பம்பு சொட்டும் மருந்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது.
வாங்கச் சொல்லி ஏழு கடிதம் எழுதினேன்.
பதில் ஒன்றுதான் வந்தது:
ஆய்வுக்கு ஆள் வரும் முந்தின சாயங்காலம்
ஒரு கட்டுப் பச்சை ஸ்டிக்கர்.
அளவு சரிபார்க்கப்பட்டது.
கீழே தேதி. அதற்கும் கீழே
என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஒட்டினேன்.
இதை எழுதாமல் தாண்டிப் போயிருக்கலாம்.
இரண்டு வருஷம் ஒட்டினேன்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்.
அளந்தால்தானே தெரியும்.

திருவனந்தபுரத்தில்
மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் கம்பெனி.
நேர்காணலில் ஒரு அம்மா மலையாளத்தில் கேட்டார்:
மணிக்கு ஐந்து மில்லி என்று பம்பு காட்டுகிறது,
எப்படி நம்புவாய்?
நம்ப மாட்டேன் என்றேன், தமிழில்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
என்றைக்கு வர முடியும் என்றார்.

ஆல்பன் முதலில் இரண்டாயிரம் கூட்டித் தந்தார்,
ஏத்தன்குலைக்கு விலை பேசுவதுபோல.
அப்புறம், ஒரே சபையில் இருக்கிறோமே என்றார்.
அப்புறம், என் டிப்ளமோ சான்றிதழ் இருக்கும்
அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது என்றார்.
போன வருஷம் அந்தப் பூட்டை மாற்றியது நான்.
ஸ்குரூ டிரைவரை மட்டும் இன்னும் ஒப்படைத்திருக்கவில்லை.

கடைசி ராத்திரி ஐ.சி.யூ.வில்
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு உட்கார்ந்தேன்.
ஸ்டிக்கர் முழுசாக வராது,
பாதி கிழிந்து, பசை நிற்கும்,
நகத்தால் சுரண்ட வேண்டும்.
நர்ஸ் சுபஜா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.
கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு
அடுத்த பம்பை என் பக்கம் உருட்டினாள்.
உரித்த ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எழுதினேன்:
அளக்கப்படவில்லை.
அந்த ஒரு சொல்லை எழுத
எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

விடியும்போது முப்பத்தெட்டு.
மிச்சம் இரண்டில் மருந்து ஓடிக்கொண்டிருந்தது,
இரண்டு பேர் உடம்புக்குள்.
தொடவில்லை.

குழித்துறை ஸ்டேஷனில் பாசஞ்சர் இருபது நிமிஷம் தாமதம்.
ஜன்னலோர சீட் கிடைத்தது.
சம்பளம் எட்டாயிரம் கூடுதல், ஞாயிறு லீவு.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
புதுச் செருப்பு கடித்தாலும்.

பாறசாலை வருமுன் போன்.
எனக்குப் பதில் வந்த பையன், ரெனிஷ்.
"அக்கா, நாலாம் நம்பர் கத்துது."
குழாயைப் பார்க்கச் சொன்னேன்.
நின்றுவிட்டது என்றான், ஆச்சரியத்தோடு.

வைக்கப் போனவனை நிறுத்தினேன்.
"ரெனிஷ், ஐ.சி.யூ.ல ரெண்டு பம்பு இருக்கு,
பச்சை ஸ்டிக்கரோட.
பேஷண்ட் மாறினதும் உரிச்சிரு."

"அதுல உங்க பேரு இருக்கேக்கா?"

"அதுக்குத்தான்."

சரி என்றான்.
ரயில் சத்தத்தில் இன்னொன்றும் சொன்னான்,
கேட்கவில்லை.
உரிப்பானா, தெரியாது.